ஒரே கிருமி... ஊருக்கு ஒரு சட்டை!

குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு 'விசுக் விசுக்'கென்று இழுக்க ஆரம்பித்துவிட்டால், கடற்கரை ஊர்களில் முதல் பழி காற்றின் மேல்தான் விழும். "வாடைக் காத்துல வெளிய தூக்கிட்டுப் போயிருப்பே!" "தலைக்குத் துணி கட்டினியா?" "கடல் காத்து பிள்ளைக்குச் சேரலை." பெற்றவளைக் கூண்டில் நிறுத்தி ஒரு விசாரணைக் கமிஷனே நடந்து முடியும். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை தூத்துக்குடி மாவட்டத்துக் கரை நெடுக இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

பாவம் அந்தக் காற்று! குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிமோனியாவில் பெரும்பங்கு ஒரு பாக்டீரியாவின் வேலை. பெயர் நிமோகாக்கஸ். அது கடலிலிருந்தும் வருவதில்லை, வாடையிலிருந்தும் வருவதில்லை. அதன் நிரந்தர முகவரி மனிதர்களின் மூக்கும் தொண்டையும்தான். அதிலும் குறிப்பாகச் சின்னக் குழந்தைகளின் மூக்கு. அங்கன்வாடிக்குப் போய்வரும் மூன்று வயது அக்கா, தொட்டிலில் கிடக்கும் தம்பியை ஆசையாக முத்தமிடுகிறாள் பாருங்கள், அந்த வழியாகத்தான் பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிறது.

உடனே பதறிப்போய் அக்காவைத் துரத்த வேண்டாம். இந்தக் கிருமி மூக்கில் இருப்பதே நோய் அல்ல. 1990-களின் கடைசியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நம் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைக்குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' கொடுத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். (கண் ஆஸ்பத்திரிக்கும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வைட்டமின் 'ஏ'தான் சம்பந்தம்!) அதில் ஒரு பகுதியாகச் சில நூறு குழந்தைகளின் மூக்கின் உள்பகுதியிலிருந்து சளி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதக் குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தன. ஆறு மாதத்தில் பத்துக்கு ஏழு. பணக்கார நாடுகளில் இத்தனை சீக்கிரம் குடியேறுவதில்லை. நம் குழந்தைகளுக்கு, தலை நிற்கும் முன்பே வந்துவிடுகிறது.

பெரும்பாலான குழந்தைகளிடம் அது சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடும். ஆனால் ஒரு வைரஸ் ஜலதோஷம் வந்து மூச்சுப் பாதையைப் புண்ணாக்கும்போதோ, அடுப்புப் புகை அதைத் தொடர்ந்து அரித்துக்கொண்டிருக்கும்போதோ, ஊட்டம் குறைந்து எதிர்ப்பு சக்தி சரியும்போதோ, மூக்கிலிருந்து கீழே இறங்குகிறது. நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. காதுக்குப் போனால் சீழ். ரத்தத்தில் கலந்து மூளையின் உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல். பிழைத்த குழந்தைகளில் சிலருக்குக் காது கேட்காமல் போய்விடுவதும் உண்டு.

சட்டையைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க முடியும்

இனி கொஞ்சம் உள்ளே போவோம். இந்தக் கிருமி தன் மேல் ஒரு சர்க்கரைப் பூச்சைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அதைச் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் காவலாளிகளான வெள்ளணுக்கள் அதைச் சுலபமாகப் பிடித்துவிடாமல் காப்பாற்றுவது இந்தச் சட்டைதான். நூறு வகைக்கு மேல் சட்டைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள்: ஒன்றாம் வகை, ஐந்தாம் வகை, 14-ம் வகை, '19 ஏ' வகை என்று. தடுப்பூசி என்பது அந்தச் சட்டைகளின் மாதிரியை முன்கூட்டியே காவலாளியிடம் காட்டி வைப்பது. காட்டாத சட்டையில் வந்தால் காவலாளிக்கு ஆளைத் தெரியாது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், எல்லா ஊரிலும் ஒரே சட்டை ஓடுவதில்லை!

இதை உலகம் கற்றுக்கொண்ட கதை, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொடங்குகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே வெப்ப நாடுகளிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து, ஒரே கொட்டடியில் கும்பல் கும்பலாக அடைத்து வைத்தார்கள். நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். முக்கியமாக, புதிதாக வந்து இறங்கியவர்கள். 1911-ல் இங்கிலாந்திலிருந்து ஆல்ம்ராத் ரைட் என்ற பெரிய நிபுணரை வரவழைத்து, பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்த ஊசியில் இருந்த கிருமிகள் எந்தச் சட்டைக்காரர்கள் என்பதை யாரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. பிறகு ஸ்பென்சர் லிஸ்டர் என்பவர் உட்கார்ந்து வகை பிரித்தபோதுதான், அந்தச் சுரங்கங்களில் குறிப்பிட்ட சில வகைகளே ஆட்டம் போடுகின்றன என்று தெரிந்தது.

அதே சமயம் இன்னொருவரும் அங்கே போனார். பனாமா கால்வாய் வேலையில் கொசுவை ஒழித்துப் புகழ்பெற்ற கோர்காஸ் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். அவருடைய யோசனை ஊசி அல்ல. "இவர்களை இப்படி அடைத்து வைக்காதீர்கள், தனித்தனிக் குடிசைகளில் பரவலாகக் குடிவையுங்கள்" என்றார். பனாமாவில் தொழிலாளர்கள் பெரிய கொட்டடிகளை விட்டுக் குடிசைகளுக்குப் போனதும் நிமோனியா குறைந்ததைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பாடம்தான் தூத்துக்குடிக்கு இன்னும் பொருத்தம். அதைப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்க ஊசியும் நம்ம ஊர்க் கிருமியும்

2000-ம் ஆண்டு அமெரிக்காவில் குழந்தைகளுக்கான புதிய நிமோகாக்கஸ் ஊசி வந்தது. ஏழு சட்டைகளைக் காட்டிக்கொடுக்கும் ஊசி. அமெரிக்கக் குழந்தைகளிடம் அதிகம் கண்ட ஏழு வகைகள் அதில் இருந்தன. அங்கே பலன் பிரமாதம். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு மட்டுமல்ல, போடாத தாத்தா பாட்டிகளுக்கும் நோய் குறைந்தது. பேரன் மூக்கில் கிருமி இல்லாவிட்டால் தாத்தாவுக்கு யார் கொடுப்பது?

"அப்படியானால் அதையே இங்கேயும் கொண்டுவந்திருக்கலாமே?" என்று தோன்றும். இங்கேதான் நம் நாட்டு டாக்டர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருந்த ஒரு வேலை கை கொடுத்தது. 1993-லிருந்து 1997 வரை, வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் குரியன் தாமஸ் முன்னின்று நடத்த, வேலூர், சென்னை, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஊர்களின் ஆறு பெரிய ஆஸ்பத்திரிகள் கைகோத்தன. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் தேடி, ரத்தத்திலோ மூளைத் தண்டுவட நீரிலோ இந்தக் கிருமி நிச்சயமாகப் பிடிபட்ட முந்நூற்றுச் சொச்சம் பேரின் விவரங்களை 1999-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோயிருந்தார்கள். வகை பிரித்துப் பார்த்தால், ஒன்றாம் வகையும் ஐந்தாம் வகையும் சேர்ந்து கிட்டத்தட்ட நூற்றுக்கு 30. அமெரிக்காவின் ஏழு வகை ஊசியில் இந்த இரண்டுமே கிடையாது!

ஒன்றாம் வகை ஒரு தினுசான ஆசாமி. மூக்கில் நீண்ட நாள் தங்க மாட்டான், தேடினால் சுலபத்தில் கிடைக்க மாட்டான். ஆனால் திடீரென்று கிளம்பி, கொஞ்சம் பெரிய பிள்ளைகளையும் திடகாத்திரமான வாலிபர்களையும்கூடச் சாய்த்துவிடுவான். மேற்கு ஆப்பிரிக்காவில் புழுதிக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மூளைக்காய்ச்சல் அலையாகக் கிளம்பும். கானா நாட்டில் 2015-16-ல் வந்த அப்படியோர் அலையில் முக்கியக் குற்றவாளி இந்த ஒன்றாம் வகைதான்.

ஏன் இந்த ஊர் வித்தியாசம்? நெருக்கம், வயது, ஊட்டம், எந்த மருந்தை எவ்வளவு அள்ளி விழுங்குகிறோம் என்று காரணங்கள் பல. அதோடு, அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றாலே ரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். அதனால் லேசான நோயைக் கொடுக்கும் வகைகள் அங்கே கணக்கில் நிறையச் சேர்ந்தன. நம் நாட்டில் குழந்தை கண் செருகிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறது, அப்போதுதான் ரத்தம் எடுக்கிறோம். ஆகவே கொடூரமான வகைகள்தான் நம் கணக்கில் விழுகின்றன. கிருமியின் வரைபடம் என்று நாம் நினைப்பதில் ஒரு பாதி, யார் எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்பதன் வரைபடம்.

பிறகு வந்த பத்து வகை, பதின்மூன்று வகை ஊசிகளில் ஒன்றும் ஐந்தும் சேர்க்கப்பட்டன. ஆனால் விலை? தனியாரிடம் ஒரு ஊசிக்கே சில ஆயிரம். புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் நம்மைப் போன்ற நாடுகளில் அதிகம் திரியும் பத்து வகைகளைப் பொறுக்கியெடுத்து ஓர் ஊசி தயாரித்தது. அதற்கு 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தது. 1, 5, 14 எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் ஏழு வகை ஊசி வந்தபின் காலியான இடத்தில் தலைதூக்கிய '19 ஏ' வகையும் உண்டு.

மத்திய அரசு 2017-ல் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் இலவச நிமோகாக்கஸ் ஊசியைத் தொடங்கியது. நிமோனியாவில் குழந்தைகள் அதிகம் இறந்த மாநிலங்கள் முன்னால். நியாயம்தான். தமிழ்நாட்டுக்கு 2021 ஜூலையில் வந்தது.

முத்துக்குளிக்கும் கரையில்...

சரி, தூத்துக்குடிக்கு வருவோம். கோர்காஸ் டாக்டர் இன்று இந்தக் கரையில் நடந்து போனால் எதையெல்லாம் நின்று பார்ப்பார்?

அந்தக் காலத்து முத்துச் சலாபம் என்றால் ஒரு திடீர் நகரமே முளைத்துவிடும். ஆயிரக்கணக்கில் குளியாளிகள், தோணிக்காரர்கள், வியாபாரிகள், சிப்பி பொறுக்கிகள், எல்லாரும் ஓலைக் கொட்டகைகளில் வாரக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். காலரா புகுந்து சலாபமே கலைந்துபோன கதைகள் வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுகளில் இருக்கின்றன. கடைசிப் பெரிய சலாபம் 1961-ல் முடிந்தது. முத்து போனாலும் சங்கு குளிப்பவர்கள் இன்னும் கடலுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: மூக்கடைப்பும் சளியும் இருக்கும் நாளில் முங்காதீர்கள். காதின் உள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழியலாம், மூக்கில் இருக்கும் கிருமி நடுக்காதுக்குப் போகவும் வழி ஏற்படும். அப்புறம் சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது இருக்கிறதே... தயவுசெய்து வேண்டாம்.

இன்று சலாபத்தின் இடத்தில் துறைமுகம் இருக்கிறது. 1974-ல் பெரிய துறைமுக அந்தஸ்து பெற்றபிறகு, அனல்மின் நிலையம், தொழிற்சாலைகள், கிட்டங்கிகள் என்று ஊர் வளர்ந்தது. வேலைக்கு வெளி மாவட்டத்திலிருந்தும், இப்போது பீகார், ஒடிசா, அசாம் என்று தொலைவிலிருந்தும் வாலிபர்கள் வருகிறார்கள். ஒரே அறையில் எட்டு பேர், பத்து பேர் ஷிஃப்ட் முறையில் படுத்து எழுகிறார்கள். சுரங்கக் கொட்டடியின் தம்பி மாதிரி!

"அதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தின கதை சார்" என்று தள்ளிவிட முடியாது. 2019-ல் பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரக் கப்பல் கட்டும் தளத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சில மாதங்களுக்குள் நிமோகாக்கஸ் நோயில் விழுந்தார்கள். பல நாடுகளிலிருந்து வந்து, ஒன்றாகத் தங்கி, ஒன்றாக வேலை செய்தவர்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அவசரமாக ஊசி போட வேண்டி வந்தது. அதற்கு முன்பும் பின்பும் வடஅயர்லாந்து, நார்வே, பிரான்ஸ் கப்பல் தளங்களிலும் இதே கதை. அத்தனை வசதியுள்ள நாடுகளிலேயே!

ஏன் கப்பல் தளம்? நெருக்கம் ஒரு காரணம். வெல்டிங் புகை இன்னொன்று. உலோகப் புகையைச் சுவாசிக்கும்போது மூச்சுக்குழாயின் உள்சுவரில் இந்தக் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது என்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வெல்டர்களுக்கு நிமோனியா சாவு அதிகம் என்பதை இங்கிலாந்தில் பல்லாண்டு தொழில்வாரி மரணக் கணக்குகள் சொல்லிவந்தன. அதனால் இன்று பிரிட்டனில் உலோகப் புகையில் அடிக்கடி வேலை செய்பவர்களுக்கு இந்தத் தடுப்பூசியைப் பரிசீலிக்கும்படி அரசின் வழிகாட்டி நூலே சொல்கிறது. நம்ம ஊரில் விசைப்படகுப் பட்டறையில் வெல்டிங் செய்யும் தம்பிக்கு முகத்துக்குக் கண்ணாடி கிடைத்தாலே பெரிய விஷயம்.

வீட்டுக்குள் வந்தால், அடுப்பு. கேஸ் வந்த பிறகும் குளிக்க வெந்நீர் போடவும், கருவாட்டுக் குழம்பு கொதிக்கவும் விறகு மூட்டும் வீடுகள் உண்டு. அந்தப் புகையில் இடுப்புக் குழந்தையோடு நிற்கும் தாயும் பிள்ளையும் ஒன்றாகத்தான் அதைக் குடிக்கிறார்கள். திண்ணையில் அப்பா ஊதும் பீடியும் அதே கணக்கில்தான் சேரும்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஈரத் துணியோடு நூற்றுக்கணக்கில் தங்கினார்கள். அந்த மாதிரி முகாம்களில் நாம் குடிதண்ணீர், வயிற்றுப்போக்கு, கொசு பற்றித்தான் கவலைப்படுகிறோம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் கெசென்னுமா என்ற கடற்கரை நகரில், நிமோனியாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். பெரும்பாலும் முதியவர்கள். முகாமில் பாய்க்குப் பாய் கொஞ்சம் இடைவெளி, ஜன்னல் திறந்த அறை, இருமுபவருக்குத் தனி மூலை, இதெல்லாம் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

கடை மாத்திரையும் காணாமல் போகும் கிருமியும்

இவ்வளவு சொன்னபிறகு, "தூத்துக்குடியில் எந்தச் சட்டை அதிகம் ஓடுகிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். வேலூர், சென்னை, பெங்களூர் போன்ற ஊர்களின் பெரிய ஆய்வுக்கூடங்களிலிருந்துதான் நம் பக்கத்துக் கணக்குகள் வருகின்றன. தென்கிழக்கு ஆசியாவுக்கே இந்தக் கிருமியை வகை பிரித்துச் சொல்லும் மேற்கோள் ஆய்வுக்கூடம் வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. ஆனால் அங்கே அனுப்ப முதலில் கிருமி கையில் சிக்க வேண்டுமே!

ஏன் சிக்குவதில்லை? இந்தக் கிருமி மகா நோஞ்சான். மனித உடம்புக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும், ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். போதாக்குறைக்கு, ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலும் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் வளராது. நாம் என்ன செய்கிறோம்? முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில், "பிள்ளைக்குச் சளி, ரெண்டு வேளைக்கு ஏதாச்சும் கொடுங்கண்ணே" என்று வாங்குகிறோம். மூன்றாம் நாள் பக்கத்து கிளினிக்கில் வேறு மருந்து. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறலோடு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட்டில் 'கிருமி வளரவில்லை' என்று வரும். நோய் இருந்தது. குற்றவாளியின் கைரேகையை நாமே துடைத்துவிட்டோம்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 1990-களின் அந்த ஆறு ஆஸ்பத்திரி ஆராய்ச்சியிலேயே, அப்போது நிமோனியாவுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுத்துவந்த கோ-ட்ரைமாக்சசோல் மருந்துக்குப் பாதிக்கு மேற்பட்ட கிருமிகள் மசியவில்லை. பென்சிலினுக்கு ஏறக்குறைய எல்லாமே மசிந்தன. இன்று மூளைக்காய்ச்சல் என்று வந்தால் பென்சிலினை மட்டும் நம்பி டாக்டர்கள் உட்காருவதில்லை. அரைகுறையாக மாத்திரை விழுங்கி, மிச்சத்தை அலமாரியில் வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்துக்கு இதில் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

தூத்துக்குடியில் 2000-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்துக்கென்று ஓர் உருப்படியான கணக்கு வேண்டுமானால், கடும் நிமோனியாவிலும் மூளைக்காய்ச்சலிலும் முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுப்பதை வழக்கமாக்கி, வளர்ந்த கிருமியை வகை பிரிக்க அனுப்ப வேண்டும். தடுப்பூசித் திட்டம் வந்துவிட்ட பிறகு இது இன்னும் அவசியம். ஊசி விரட்டிய சட்டைக்காரன் போன இடத்தில் புதிய சட்டைக்காரன் வந்து உட்காருகிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் '19 ஏ' வந்ததைக் கண்டுபிடித்ததே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான்.

அதுவரை, நம் கையில் இருப்பவை என்னென்ன?

அட்டையில் மூன்று கட்டங்கள்

குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நிமோகாக்கஸ் ஊசிக்கு மூன்று கட்டங்கள்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அரசு ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இலவசம். முதல் இரண்டையும் பெரும்பாலும் யாரும் தவறவிடுவதில்லை. அம்மா அப்போது பிறந்த வீட்டில் இருப்பாள், பாட்டி புதன்கிழமை தவறாமல் நர்சம்மாவிடம் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒன்பதாம் மாதத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். அம்மா புகுந்த வீடு போயிருப்பாள், அல்லது அப்பாவின் வேலையோடு வேறு ஊருக்குக் குடி மாறியிருப்பார்கள். உப்பள வேலைக்கு வந்து மழைக் காலத்தில் கிளம்பும் குடும்பங்களுக்கும், வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இது சகஜம். மூன்றாவது ஊசிதான் எதிர்ப்பு சக்தியைக் கெட்டிப்படுத்தி வெகுநாள் நிற்க வைப்பது. எந்த ஊரில் இருந்தாலும் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு வயதுக்குள் முதல் ஊசி போட்டிருந்தால், தள்ளிப்போனதைப் பிறகும் போட்டு முடிக்கலாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பேரப்பிள்ளைக்கு ஒன்பதாம் மாதக் கட்டம் நிரம்பியதா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையோடு விளையாடுவதும் அந்தக் குழந்தைதான்.

ஊசி போட்டாயிற்று, இனி சளியே வராது என்று நினைக்க வேண்டாம். வைரஸ் சளி வரும், போகும். வேறு கிருமிகளாலும் நிமோனியா வரலாம். அதனால் ஒரு சின்ன வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், செகண்டு முள் உள்ள கடிகாரம் போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோம்பேறித்தனம் கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால், அது வெறும் சளி இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பாரித்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தால், ராத்திரி எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. 'காலையில பாத்துக்கலாம்' கிடையாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படித்தான்.

மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, நெஞ்சில் சூடு போடுவது, சாம்பிராணிப் புகையைத் தொட்டிலுக்கு அடியிலேயே போடுவது, மூன்றுமே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அதுவே ஒரு தனி நிமோனியா.

தாத்தா, பாட்டி கணக்கு

பெரியவர்கள் இந்த ஊசிப் பேச்சில் அநேகமாக மறந்துபோகிறவர்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள், தினமும் குடிப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்தக் கிருமி தாக்கினால் கடுமையாகத் தாக்கும். குடித்தவருக்கு இருமும் அனிச்சையே மங்கிப்போவதால், தொண்டையில் இருப்பது அப்படியே கீழே இறங்கிவிடும். விபத்தில் மண்ணீரலை எடுத்தவர்களுக்கு இன்னும் ஆபத்து. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறலாம்.

அரசின் இலவச ஊசி குழந்தைகளுக்குத்தான். பெரியவர்களுக்குக் கூடுதல் வகைகளைக் கொண்ட ஊசிகள் தனியாரிடம் காசுக்குக் கிடைக்கின்றன. எது, எத்தனை முறை என்பதை உங்கள் வயதையும் நோயையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாதாமாதம் செக்கப் போகிறீர்கள் அல்லவா, அடுத்த தடவை ரிப்போர்ட்டை நீட்டும்போது கூடவே இதையும் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தக் காத்திருக்கும் பெற்றோர், ஆபரேஷனுக்கு முன்பே நிமோகாக்கஸ் ஊசி முடிந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்காதில் கருவி இருப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

பாட்டி குழந்தையின் தலைக்குத் துணி கட்டினால் கட்டிக்கொள்ளட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. கட்டி முடித்ததும் கடிகாரத்தைக் கையில் கொடுத்து மூச்சை எண்ணச் சொல்லுங்கள்.